வெங்காய வண்டியில் ஒரு ஹவில்தார்

அத்தியாயம் 5

ஜெயசுதா மேசைமேல் வைத்த ஒலிப்பதிவுக் கருவி வெங்காயம் விற்றது.

"வெங்காயம் வெங்காயம் வெங்காயம்... நாசிக் வெங்காயம்... நாலு கிலோ நூறு ரூபா... ஓடியாங்க, ஓடியாங்க..."

ஜீவா கடைசி வரை கேட்டார்.

"வெலை கம்மிதான்," என்றார். "ஆனா வெலை சொல்றப்போ மட்டும் பொண்ணு வளந்துடுது."

உண்மைதான். கூவியது ஒரு சிறுமி. 'நாலு கிலோ நூறு ரூபா' என்றது மட்டும் பெரிய பெண். விலை மாறும்போதெல்லாம் அந்த இடத்தை மட்டும் வெட்டிப் புதிதாகச் சேர்த்திருக்கிறார்கள்.

ஜீவா இருபத்தேழு வருடம் பேருந்து நடத்துநராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுவாரம் தமிழ்மொழி என்ற பெண் நடத்தும் துப்பறியும் நிறுவனத்தில் சேர்ந்தார். நிறுவனம் என்பது கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் ஓர் அறை, மூன்று நாற்காலி. வருகிற வழக்கில் பத்துக்கு ஒன்பது மாப்பிள்ளை விசாரணை. பத்தாவது வந்தால் ஜீவா சலவைச் சட்டை போட்டுக்கொள்வார். இன்று அதற்கு நேரமில்லை.

"இதுல என்ன இருக்கணும்?" என்றாள் தமிழ்மொழி.

"ஒரு சாவு," என்றாள் ஜெயசுதா.

ஜெயசுதா கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். இரண்டு வருடமாக மாவட்டத்தில் போருக்குப் போய் வந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசவைத்துப் பதிவு செய்கிறாள். இதுவரை நாற்பத்து மூன்று பேர். அதில் ஒன்பது பேர் பதிவில் மட்டும்தான் இருக்கிறார்கள். தியாகதுருகம் ஹவில்தார் ராமசாமி நாற்பத்து நான்காவது. வயது எழுபத்தெட்டு.

"எழுபத்தொண்ணு சண்டையில அவரோட கருணாபுரம் அரங்கநாதன்னு ஒருத்தர் இருந்தார். திரும்பலை. காணவில்லைன்னு எழுதினாங்க. ஊர்ல ஓடிட்டான்னு சொன்னாங்க. அவர் மனைவி ரெண்டு வருஷம் பார்த்துட்டு ஊரைவிட்டே போயிட்டாங்க. எங்கேன்னு தெரியலை. தியாகதுருகத்துல இப்ப ஒரு நினைவுக் கல் வைக்கிறாங்க. திங்கட்கிழமை பேர் வெட்ட ஆரம்பிக்கிறாங்க. ஓடினவன் பேரைப் போட மாட்டோம்கிறார் முன்னாள் படைவீரர் சங்கத் தலைவர். சாட்சி இருந்தாக் கொண்டாங்கன்னார்."

"சாட்சி ராமசாமி."

"ஆமா. அரங்கநாதன் எப்படிச் செத்தான்னு எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியும், செவ்வாய்க்கிழமை சொல்றேன்னார். நேத்து சொன்னார். இன்னிக்குக் காலையில எட்டு மணிக்கு வாசல்ல விழுந்துட்டார். பக்கவாதம். வலது பக்கம் வரலை. பேச்சு போயிடுச்சு. கேள்விப்பட்டு ஓடிப்போய் மிஷினை எடுத்துட்டு வந்தேன். அவர் பேச்சு இருக்கிற ஒரே இடம் இதுல இருந்த மெமரி கார்டு. அதை எடுத்துட்டு யாரோ இதைப் போட்டிருக்காங்க."

"யாரோ இல்ல," என்றார் ஜீவா. "வெங்காய யாவாரி."

"அவர் மகன் அய்யப்பன் குட்டியானை வண்டியில வெங்காயம் விக்கிறார். புதன்கிழமை கல்வராயன் மலை. விடியக்காலையிலயே கிளம்பிட்டார். போன் எடுக்கலை. அப்பா விழுந்தது அவருக்கு இன்னும் தெரியாது." ஜெயசுதா கொஞ்சம் தயங்கினாள். "போன வாரம் என்னைத் தனியாக் கூப்பிட்டார். பழசைக் கெளறாதீங்க, அப்பாவுக்குத் தூக்கமே இல்லைன்னார்."

ஜீவா எழுந்து பையை மாட்டினார். அவரைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது. குற்றவாளி, காரணம், வண்டி மூன்றும் இருந்தன. போய் வாங்கி வர வேண்டியதுதான் பாக்கி.

தமிழ்மொழி எழவில்லை.

"நேத்து பேசறப்போ நீங்க பக்கத்துல இருந்தீங்களா?"

"இல்லை. வெளியே இரும்மான்னார். முதல் ரெண்டு நாள் அப்படிச் சொல்லலை. பக்கத்து வீட்டுல கிரைண்டர் ஓடிச்சு, ஒண்ணும் புரியலை. சத்தம் மட்டும் கேட்டுது. கத்தினார்னே சொல்லலாம்."

"வேற?"

"புது கார்டு கேட்டார். வேற எதுவும் அதுல இருக்கக்கூடாதுன்னார். இது எல்லா மிஷின்லயும் பாடுமான்னு கேட்டார். பாடற மாதிரி மாத்திக் கொடுத்தேன். கைக்கடிகாரத்தைக் கழட்டி எதிர்ல வெச்சுக்கிட்டார். பதினோரு நிமிஷம். முடிச்சதும், மிஷின் இங்கேயே இருக்கட்டும், ஏதாவது ஞாபகம் வந்தாப் பேசறேன், வியாழக்கிழமை வந்து எடுத்துக்கன்னார்."

"பட்டாளத்து ஆளு," என்றார் ஜீவா. "எல்லாம் சுத்தமாச் செய்வாங்க."

"ஆமாண்ணே. ரொம்ப சுத்தமாச் செஞ்சிருக்காரு," என்றாள் தமிழ்மொழி. கருவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

*

வழியில் ஆஸ்பத்திரியில் ஐந்து நிமிடம் நின்றார்கள்.

ராமசாமி படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. ஜீவா வணக்கம் சொன்னபோது அந்தக் கண் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தது. சட்டையின் மூன்றாவது பொத்தான் போடாமல் இருந்ததை ஜீவா அப்போதுதான் கவனித்தார். போட்டுக்கொண்டார்.

கட்டிலுக்கடியில் ரப்பர் செருப்பு இரண்டும் வெளிப்பக்கம் பார்த்து ஒட்டி நின்றன.

"தாத்தா அப்படித்தான் வெக்கச் சொல்லுவாரு," என்றாள் பேத்தி அபிநயா. பிளஸ் டூ படிக்கிறவள். "எழுந்தா உடனே மாட்டிக்கினு கெளம்பணுமாம். எங்க கெளம்பறாருன்னுதான் தெரியலை. மார்க்கெட்டுக்குக்கூட போனதில்ல."

ஜீவாவுக்கு அந்தக் குரலை எங்கோ கேட்டது போல இருந்தது.

"நீதானே நாலு கிலோ நூறு ரூபா?"

அபிநயா தலையைக் குனிந்துகொண்டாள். "மீதி நாலாங்கிளாஸ்ல பேசினது சார். காலேஜ் போறதுக்குள்ள மாத்தச் சொல்லியிருக்கேன்."

"அப்பா இப்ப மலையில எங்க இருப்பாரு?" என்றாள் தமிழ்மொழி.

"கச்சிராயபாளையம், கரியாலூர், வெள்ளிமலை, கடைசியா ஏழுபுளி. ஏழுபுளியில இருபது வூடுதான். டீசல் காசுகூடத் தேறாதுன்னு அப்பா சொல்லும். தாத்தா வுடமாட்டாரு. ஆறு வருசமா வாராவாரம் வந்ததும் மொதல் கேள்வி அதான். ஏழுபுளி போனியா?"

அபிநயா இருவரையும் பார்த்தாள். "சார், அப்பாகிட்ட பதமா சொல்லுங்க. வண்டி ஓட்டிக்கினு வரணும்."

*

தமிழ்மொழி ஸ்கூட்டரைக் கிளப்பினாள். பின்னால் ஏறிக்கொண்டு ஜீவா "ரைட்" என்றார். பின்னால் உட்கார்ந்தால் வாய் தானாகச் சொல்லிவிடும். அவர் மனைவி இதற்காகவே அவரோடு வண்டியில் போவதை நிறுத்திவிட்டாள்.

கச்சிராயபாளையத்தில் ராணியம்மாள் டீக்கடை. வெங்காய வண்டி வந்ததா என்று கேட்டார்கள்.

"வந்துச்சு. ஆனா வெங்காயம்னு சொல்லலையே," என்றாள் ராணியம்மாள். "ஸ்பீக்கரைப் போட்டான். யாரோ ஒரு கெழவன், ஒரு பொம்பளை பேரைச் சொல்லிக் கூப்பிடறான். தெருவே திரும்பிப் பாத்துச்சு. அய்யப்பன் பாஞ்சு போய் அமுத்தினான். மூஞ்சி வெளுத்துப் போச்சு. அப்பால ஸ்பீக்கரே போடலை. வாயாலயே கத்தி வித்தான்."

"இன்னா பேரு?" என்றார் ஜீவா.

"யாருக்கு ஞாபகம்? வடை எண்ணெயில கெடந்துச்சு."

"முதல்ல ஏதாவது நம்பர் சொன்னாரா?" என்றாள் தமிழ்மொழி. "நீளமா?"

"நம்பரும் இல்ல கிம்பரும் இல்ல. எடுத்த எடுப்புலயே பேருதான்."

தமிழ்மொழி டீயை ஒரே மூச்சில் குடித்தாள். அவளுக்கு ஏதோ கிடைத்துவிட்டது என்பதற்கு ஜீவா அறிந்த ஒரே அடையாளம் அது. சூடாக இருந்தால் பெரிய விஷயம் என்று பொருள். டீ கொதித்துக்கொண்டிருந்தது.

வண்டி மலை ஏறியது. மரவள்ளிக் காடு, பிறகு வெறும் காடு. வளைவில் ஒரு லாரியை விட்டு ஒதுங்கி நின்றபோது ஜீவா ஆரம்பித்தார்.

"அய்யப்பன்தான் திருடினான் மேடம். அப்பன் குட்டு வெளிய வரக்கூடாதுன்னு எடுத்தான். மறந்துபோய் ஸ்பீக்கர்ல சொருகிட்டான்."

"திருடினவன் அது என்னன்னு தெரியாமத் திருடுவானா? மூஞ்சி வெளுத்துச்சுன்னாங்க. அவரு முதல் தடவையா அப்பதான் கேட்டிருக்காரு."

"அப்போ தவறுதலா மாறிப்போச்சு."

"கார்டு மாறலாம். ஆளு பேசற முறை தவறுதலா மாறாது." தமிழ்மொழி ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றினாள். "ஜெயசுதாகிட்ட இருக்கற மத்த ரெண்டு நாள் பேச்சைக் கொஞ்சம் கேட்டேன். ரெண்டு நாளும் ஒரே மாதிரி ஆரம்பிக்கிறாரு. பட்டாள நம்பர், பதவி, அப்புறம்தான் பேரு. சர்க்காரு காதுல விழணும்னா பட்டாளத்தான் அப்படித்தான் பேசுவான். நேத்து நம்பர் இல்ல. எடுத்ததும் ஒரு பொம்பளை பேரு. அது பதிவுக்குப் பேசினது இல்லண்ணே."

"பின்ன?"

"ஏன் கத்தினாரு? காதுக்குப் பக்கத்துல வெக்கற மிஷின் அது. முணுமுணுத்தாலே எடுக்கும். எல்லா மிஷின்லயும் பாடுமான்னு ஏன் கேட்டாரு? வேற எதுவும் அதுல இருக்கக்கூடாதுன்னு ஏன் சொன்னாரு?"

ஜீவா யோசித்தார். காட்டுக்குள் ஏதோ பறவை அவரைவிட வேகமாக யோசித்துக்கொண்டிருந்தது.

"நீங்க கண்டக்டர். யாவார வண்டி ஒரு ஊர்ல எவ்ளோ நேரம் நிக்கும்?"

"பத்து, பன்னெண்டு நிமிசம். அதுக்கு மேல நின்னா பேரம் பேச ஆரம்பிச்சிடுவாங்க."

"அவர் பேசினது பதினோரு நிமிஷம். கடிகாரம் வெச்சுப் பேசினாரு."

லாரி போய்விட்டது. ஜீவா "ரைட்" சொல்லவில்லை.

"கார்டைத் திருடினவரு ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு," என்றாள் தமிழ்மொழி. "மகன் புதன்கிழமை மலைக்குப் போவான். வியாழக்கிழமை ஜெயசுதா வர்றதுக்குள்ள திருப்பி வெச்சிடலாம். எடம் காலியா இருக்கக்கூடாதுன்னு வெங்காயத்தைப் போட்டு வெச்சாரு. எல்லாக் கணக்கும் சரி. காலையில எட்டு மணிக்கு விழுவோம்கறது மட்டும் கணக்குல இல்ல."

"யாருக்கு மேடம் பேசினாரு?"

"ஏழுபுளி போனியான்னு ஆறு வருஷமா யாரை நெனச்சுக் கேக்கறாரு?"

*

கரியாலூரில் வெங்காய வண்டிக்காரருக்குத் தொண்டை கட்டியிருந்ததாகச் சொன்னார்கள். பாவமாக இருந்ததாம். ஆளுக்கு இரண்டு கிலோ ஜாஸ்தி வாங்கியிருந்தார்கள். வெள்ளிமலையிலும் அதே கதை. அதைத் தாண்டியதும் போனில் சிக்னல் போய்விட்டது.

ஏழுபுளிக்கு ஒரு திருப்பம் இருக்கும்போதே குரல் கேட்டது. ஸ்பீக்கர் குரல். மரங்களுக்கு மேலாக, கரகரவென்று, பின்னணியில் கிரைண்டர் ஓட.

தமிழ்மொழி வண்டியை அணைத்தாள்.

"...ராத்திரி ஆத்தைத் தாண்டணும். அவன் முன்னால போறான். கயிறு என் கையில. டிசம்பர் மாசம். தண்ணி நெஞ்சு மட்டும். நடு ஆத்துல அவன் கால் வழுக்கிப் போச்சு. கயிறு என்னையும் இழுத்துச்சு. கை மரத்துப் போச்சுன்னு சொல்லலாம். மரக்கலை. பயந்துட்டேன். வுட்டுட்டேன். அவன் கத்தலை செல்லியம்மா. கத்தினா எதிரிக்குக் கேக்கும். எங்க பத்து பேருக்காகக் கத்தாமப் போனான். ஆபீசர் கேட்டாரு. பாக்கலைன்னேன். பாத்தேன். நான் பாக்கலைன்னதாலதான் காணோம்னு எழுதினாங்க. அவன் ஓடலை. ஓடினது நான். ஊருக்கு வந்தப்பால கருணாபுரம் பக்கம் ஒரு நாளும் போகலை. இப்ப என் மவன் உன் வூட்டு வாசல்ல வெங்காயம் விக்கிறான். அவன் வாயால சொல்ல முடியாது. இதைச் சொல்ல என்னைவிட்டா ஆளில்ல. பதினோரு நிமிசம் ஆகப்போவுது. இவ்ளோதான்."

கிரைண்டர் இன்னும் கொஞ்சம் ஓடியது. பிறகு அதுவும் நின்றது.

புளியமரத்தடியில் குட்டியானை நின்றது. அய்யப்பன் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எதிரே, ஓலைக்கூடை நிறைய வெங்காயத்தோடு ஒரு கிழவி. ஒல்லியாக, நேராக நின்றாள். சற்றுத் தள்ளி ஏழெட்டு பேர். ஒரு கோழி மட்டும் வண்டிக்கடியில் போய் வந்தது.

தமிழ்மொழி அய்யப்பன் பக்கத்தில் குந்தினாள். யார், எதற்காக என்று சொன்னாள். பிறகு அப்பா விழுந்ததைச் சொன்னாள். அபிநயா கேட்டுக்கொண்டபடி பதமாகத்தான் சொன்னாள். ஆனால் நான்கே வாக்கியம்.

"பேசறாரா?" என்றான் அய்யப்பன். அவன் தொண்டையிலிருந்தும் பாதிக் குரல்தான் வந்தது.

"இல்லை. காது கேக்குது. இடது கை, கால் வருது. உயிருக்கு ஒண்ணும் இல்லைன்னாங்க."

அவன் தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"இன்னிக்கு ஏழுபுளியில மட்டும் ஸ்பீக்கர் போடு, முடியற வரைக்கும் அமுத்தாத, வேற எங்கயும் போடாதன்னாரு. பழக்க தோசத்துல கச்சிராயபாளையத்துல போட்டுட்டேன். பேரு கேட்டுச்சு. அமுத்திட்டேன்."

"அப்புறம் தனியாப் போட்டுக் கேக்கலையா?" என்றார் ஜீவா.

அய்யப்பன் அவரை நிமிர்ந்து பார்த்தான். "எனக்குச் சொன்னது இல்லையே சார்."

ஜீவா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். காலையிலிருந்து இந்த ஆளைத்தான் திருடன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"செல்லியம்மான்னா எனக்குத் தெரிஞ்சு இவங்க ஒருத்தருதான்," என்றான் அய்யப்பன். "மலை யாவாரம் ஆரம்பிச்சப்போ, ஏழுபுளியில கருணாபுரத்து அம்மா ஒண்ணு இருக்கு, பட்டாளத்தான் பொண்டாட்டின்னு கூப்பிடறாங்கன்னு அப்பாகிட்ட சும்மா சொன்னேன். அன்னிலேர்ந்து, அந்தம்மாவுக்கு ஒரு கிலோ ஜாஸ்தி போடும்பாரு. ஏன்னு கேட்டா சொல்லமாட்டாரு."

"அந்த ஒரு கிலோ," என்றாள் கிழவி.

எல்லோரும் திரும்பினார்கள்.

செல்லியம்மாள் கூடையை இறக்கி வைத்தாள். ஒரு கை, இரண்டு கை, மூன்று கை வெங்காயத்தை எடுத்துத் தராசில் போட்டாள். முள் ஒரு கிலோவில் நின்றது. தட்டைத் தூக்கி வண்டியில் கவிழ்த்தாள்.

"ஆறு வருசமா இந்தப் பையனுக்குக் கணக்கு வராதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்," என்றாள்.

தமிழ்மொழி எழுந்தாள். கல்லைப் பற்றிச் சொன்னாள். திங்கட்கிழமையைச் சொன்னாள். இந்தக் கார்டு வேண்டும், ஆனால் இது உங்களுக்கு வந்தது, நீங்கள் கொடுத்தால்தான் எடுப்போம் என்றாள். வழக்கமாக அவள் இவ்வளவு பேசுவதில்லை.

செல்லியம்மாள் கேட்டாள். "கல்லுல இன்னா எழுதுவாங்க?"

"பேரு. செத்த வருஷம். அவர் ஓடலைன்னு ஒரு வரி சேக்கச் சொல்லி நான் கேக்கறேன்."

"அது வேணாம். ஓடலைன்னு எழுதினா, ஓடியிருப்பானோன்னு படிக்கிறவன் நெனப்பான். மத்தவங்களுக்கு எப்பிடியோ அப்பிடியே போடு. அரங்கநாதன். ஆத்துலன்னு வேணா போடு."

அய்யப்பன் ஸ்பீக்கரிலிருந்து கார்டைப் பிடுங்கினான். நகக்கண் அளவுதான் இருந்தது. தமிழ்மொழி அதைக் கருவியில் போட்டு மூடினாள்.

"ஆயா, வண்டியில ஏறுங்க," என்றான் அய்யப்பன். "அப்பாவை வந்து பாருங்க. நானே கொண்டாந்து வுட்டுடறேன்."

"மாட்டேன்."

செல்லியம்மாள் தமிழ்மொழியின் கையிலிருந்த கருவியைக் காட்டினாள்.

"இதுல நானும் பேசலாமா? அவன் பேச்சை அழிக்காம?"

"பேசலாம்."

"கத்தணுமா?"

"வேணாம்மா. சாதாரணமாப் பேசுங்க."

*

நோயாளியோடு இருக்க ஒருவருக்குத்தான் அனுமதி என்று வார்டு வாசலில் சொன்னார்கள். ஜீவா நடத்துநர் குரலில் "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் இருக்கு" என்றார். காத்திருந்த ஜெயசுதா, அபிநயாவோடு சேர்த்து ஐந்து பேரும் உள்ளே போய்விட்டார்கள்.

மாலை ஐந்து மணி. ராமசாமியின் கண் திறந்திருந்தது. முதலில் மகனைப் பார்த்தது. பிறகு ஜெயசுதாவை. பிறகு தமிழ்மொழியின் கையிலிருந்த கருவியை. அங்கேயே நின்றது.

"மாட்டிக்கிட்டீங்க ஹவில்தார்," என்றாள் தமிழ்மொழி. கருவியை அவர் இடது காதுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினாள்.

முதலில் கோழி கேட்டது. பிறகு செல்லியம்மாள்.

"ராமசாமி. உன் பேச்சு வந்துச்சு. முழுசாக் கேட்டேன். அம்பத்து மூணு வருசமா நான் ஓடிப்போனவன் பொண்டாட்டி. கள்ளக்குறிச்சியில எத்தினி ஆபீசு உண்டோ அத்தினியும் ஏறி எறங்கினேன். எந்த ஆபீசுலயும் நீ இல்ல. இப்ப உன் மவன் என்னைக் கூப்புடறான். நான் எறங்கினது போதும். நீ ஏறி வா. கால் வரலைன்னா வந்தப்பால வா. நான் இங்கதான் இருப்பேன். எதிர்ல நின்னு, என் மூஞ்சியப் பாத்து சொல்லு. அதுக்கப்புறம் நான் உன்னைத் திட்டறதா, சோறு போடறதான்னு யோசிக்கிறேன். வண்டியில வெச்சுக் குடுத்தனுப்பறதுக்கு இது இன்னா, வெங்காயமா?"

அவ்வளவுதான். மீண்டும் கோழி.

ஜெயசுதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நோட்டை எடுத்து, நாற்பத்து ஐந்து, செல்லியம்மாள், ஏழுபுளி என்று எழுதினாள்.

ராமசாமியின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. இடது கை போர்வையைத் தள்ளியது.

"இன்னாப்பா, இன்னா வேணும்?" என்று குனிந்தான் அய்யப்பன். "தண்ணியா?"

நர்ஸ் ஓடி வந்து, படுங்க தாத்தா, அசையக்கூடாது என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. இடது கால் மட்டும் கட்டிலைவிட்டு இறங்கி, காற்றில் ஒரு முறை துழாவி, கீழே வெளிப்பக்கம் பார்த்து நின்ற செருப்பைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டது.

ஜீவா மெதுவாகச் சொன்னார்.

"ரைட்."